பொன்முகலிக் கரையில் வேட்டுவனும் இரையும்

சிவபெருமானின் கையில் மான் ஏன் நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், நாம் தாருகாவனத்துக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். செருக்குற்ற முனிவர்கள் வேள்வி செய்தனர். அதில் தோன்றிய புலி, மழு, மான், பாம்பு, முயலகன் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இறைவன்மேல் ஏவினர். அவன் புலியை உரித்து உடுத்தான், மழுவைக் கையில் ஏற்றான், பாம்பை அணிந்தான், முயலகனை மிதித்தான், பேரொலி எழுப்பிப் பாய்ந்த மானைப் பிடித்துத் தன் செவியருகே வைத்துக்கொண்டான். கந்தபுராணம் படிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இக்கதையை அறியாத பாட்டி இல்லை.

கதை அழகியதே. ஆனால், கதையைக் காட்டுவதற்காகப் படிமம் பிறந்ததா, முன்பே இருந்த படிமத்துக்கு விளக்கம் சொல்வதற்காகக் கதை பிறந்ததா என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டிய கட்டாயமும் வழிபடுவோருக்கு இல்லை. கலையை ஆராய்வோருக்கு உண்டு. அவ்வினாவுக்கு விடை தரக்கூடிய கல் ஒன்று ஏர்பேட்டுக்கு அருகே இருக்கிறது.

கூடூரிலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில், காளத்திக்கு அடுத்து வரும் நிலையங்களுள் ஒன்று ஏர்பேடு. வடபுலத்திலிருந்து திருப்பதிக்கு வரும் நம் குடும்பங்களுள் பல இவ்வூரைத் தூக்கக் கலக்கத்திலேயே கடந்திருக்கும். இன்று ஏர்பேடு என்றால், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் திருப்பதி வளாகம் இருக்கும் இடம் என்றே நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பின் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த இவ்வட்டத்துக்குள், பொன்முகலி ஆற்றை ஒட்டிய சிற்றூர் குடிமல்லம். தெலுங்கு வழங்கும் ஊர்தான். எனினும் அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலில் பல்லவர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் ஊரின் பெயர் திருவிப்பிரம்பேடு. ஏர்பேட்டிலும் சென்னையின் கோயம்பேட்டிலும் ஒலிக்கும் அதே ‘பேடு’தான் இதிலும் ஒலிக்கிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாகச் சொன்ன வேங்கடத்தின் அடிவாரம் இது.

கோயிலின் விமானம் தூங்கானை மாட வடிவினது. படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல வளைந்த கட்டடம். விக்கிரம சோழன் காலத்தில், 1126ஆம் ஆண்டளவில், கோயில் புதுக்கிக் கட்டப்பட்டது. கருவறைத் தளம் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தில் நிற்கும் இலிங்கம் கோயிலைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. 1916இல் வெளிவந்த தம் படிமக்கலை நூலின் இரண்டாம் தொகுதியில் டி. ஏ. கோபிநாத ராவ் அதை விரிவாக ஆராய்ந்து, கிறித்துவுக்கு முற்பட்டது என்று முடிவு கட்டினார். பின்வந்தோருள் சிலர் கிறித்துவுக்குப் பிந்திய முதல் இரு நூற்றாண்டுகளுக்குள் அதை வைப்பர். 1973இல் தொடங்கிய அகழாய்வில், இலிங்கத்தைச் சூழ்ந்து கல்வேலி இருந்தமை தெரியவந்தது. இன்று வழிபாட்டில் இருக்கும் இலிங்கங்களுள் மிகப் பழையது எனத்தக்க ஒரு கல் இது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

சுமார் 5 அடி உயரமுள்ள அந்த இலிங்கத்தின் முன்புறத்தில் ஓர் ஆடவன் நிற்கிறான். இரு கைகளே உடையவன். காதில் கனத்த குழைகள். இடையில் உடலின் வடிவை மறைக்காத மெல்லிய ஆடை. மார்பில் முப்புரிநூல் இல்லை. இடத்தோளில் மழு சார்ந்திருக்கிறது. இடக்கையில் சிறு கலம் ஒன்று. காலடியில் ஒரு குள்ளன் குந்தியிருக்கிறான். அவன் தோள்கள்மேல் இவன் கால் ஊன்றியிருக்கிறான். அக்குள்ளன் நசுங்குபவன்போலத் தோன்றவில்லை, சுமப்பவன்போலவே தோன்றுகிறான். நான் சொல்ல வந்தது வலக்கையைப் பற்றி. அதில் ஓர் ஆட்டுக்கடா, பின்னங்கால்களால் பிடிக்கப்பட்டு, தலைகீழாகத் தொங்குகிறது. மான் வகை என்பாரும் உளர். ஆடு என்பதே பலர் கருத்து.

இவ்வளவு எளிய ஒரு செய்தியை உரைகள் எத்தனை விதமாகத்தான் சுற்றி வளைக்கின்றன! ஆடு அக்கினியின் ஊர்தி, ஆகவே உருத்திரனை அக்கினியோடு இணைக்கும் குறி என்பர் ஒரு சாரார். ஆடு உயிர், பிடித்த கை அருள் என்பர் மற்றொரு சாரார். இவற்றை முற்றும் பொய் என்று தள்ளவேண்டியதில்லை. ஆனால் உரைக்குப் போகுமுன் கல்லைப் பார்க்கவேண்டும். ஒரு விலங்கைப் பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்துத் தலை தரை நோக்கத் தொங்கவிட்டுக் கொண்டுவருபவன் யார்? ஆயன் அப்படிப் பிடிப்பதில்லை. அவன் குட்டியைத் தோளில் சுமப்பான், அல்லது மார்போடு அணைப்பான். வேள்வி ஆசிரியன் பிடிக்கும் முறையும் அதுவன்று. வேட்டையில் வீழ்ந்ததை வீட்டுக்குக் கொண்டுவரும் கை அது. அந்தக் கையின் இயல்பான பழக்கத்தைச் சிற்பி நேரில் கண்டிருக்கிறான். பார்த்ததை மாற்றாமல் செதுக்கியிருக்கிறான். உயிர் போனதா, போகவில்லையா என்பதைக் கல் சொல்லவில்லை. இரை என்பதை மட்டும் ஐயமற உரைக்கிறது.

கற்றோர் தயங்கிய இடத்தில் ஊரார் தயங்கவில்லை என்பதைப் பாராட்டியே ஆகவேண்டும். கோயிலில் வழங்கும் கதையின்படி, பரசுராமர் தம் வழிபாட்டுக்குரிய பூவைக் காக்கச் சித்திரசேனன் என்னும் இயக்கனைக் காவல் வைத்தார். அதற்குக் கூலியாக நாள்தோறும் வேட்டையில் வென்ற விலங்கொன்றும் கட்குடம் ஒன்றும் அவனுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். கையிலிருக்கும் விலங்குக்கும் கலத்துக்கும் காலடிக் குள்ளனுக்கும் இதுவே ஊரார் சொல்லும் பொருள். வரலாறாக இதை ஏற்கவேண்டியதில்லை. ஆனால் இறைச்சியை இறைச்சி என்றும், கள்ளைக் கள் என்றும் சொல்லும் துணிவு அந்தக் கதைக்கு இருக்கிறது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். குடிமல்லத்துக் கல்லில் மழு இருக்கிறது, காலடியில் குள்ளன் இருக்கிறான், கையில் விலங்கு இருக்கிறது. தாருகாவனத்துக் கதை பேசும் பொருள்களுள் மூன்று ஏறக்குறைய இங்கே கூடிவிட்டன. ஆயினும் அக்கதை இங்கே இல்லை. எவரும் எதையும் ஏவவில்லை. எதுவும் இவன்மேல் பாயவில்லை. மழு இவன் பகைவரிடமிருந்து பெற்றதன்று, இவனுடைய சொந்தக் கருவி. விலங்கு இவனைத் தாக்க வந்ததன்று, இவன் தேடிச் சென்று பிடித்தது. குள்ளன் தோற்றவன் அல்லன். எனவே படிமம் முந்தியது, கதை பிந்தியது என்று கொள்வதே பொருத்தம். காலம் செல்லச் செல்ல, வேட்டுவனின் கையில் இரை இருப்பது மக்களுக்குக் கூச்சம் தரத் தொடங்கியிருக்கவேண்டும். அப்போது, தான் தேடிச் சென்று கொல்பவனாக இருந்தவன், தன்மேல் ஏவப்பட்டதை அடக்குபவனாக மாறினான். குற்றம் முனிவர்மேல் சென்றது. கருவியும் விலங்கும் மட்டும் அவன் கையில் தங்கின. இப்படி மாறியதில் இழப்பும் உண்டு, பேறும் உண்டு.

வேட்டுவக் கடவுள் இந்நிலத்துக்குப் புதியவன் அல்லன். வேங்கட மலைக்குரியவனாகக் கள்வர் கோமான் புல்லியை அகநானூற்றில் மாமூலனார் பாடுகிறார். வில்லும் வேட்டையும் அவன் மக்களின் வாழ்வு. குறிஞ்சி நிலத்து வெறியாட்டில் முருகனுக்கு ஆட்டுமறி அறுக்கப்பட்டதை அகப்பாடல்கள் பலவற்றில் காண்கிறோம். வடமொழி மரபிலும் உருத்திரனுக்கு மிருகவியாதன், அதாவது மானை எய்யும் வேடன், என்னும் கோலம் உண்டு. மானுருக் கொண்டு ஓடிய பிரசாபதியை அவன் அம்பால் எய்த கதையை வானத்திலேயே எழுதி வைத்தனர் பண்டையோர். மிருகசீரிடம் மானின் தலை. அதை அடுத்த திருவாதிரை உருத்திரனின் நாள்மீன். மார்கழித் திருவாதிரையன்று களி உண்ணும் நம் வீட்டுப் பிள்ளைகள், அந்த மீனுக்குப் பக்கத்திலேயே ஒரு வேட்டை நடந்துகொண்டிருப்பதை அறிந்தால் மகிழ்வார்கள். ஆக, குடிமல்லத்துச் சிற்பி தென்புலத்து மலைவேடனைக் கண்டானா, வடபுலத்து உருத்திரனை எண்ணினானா என்று வழக்காடுவதில் பயனில்லை. எல்லை நிலத்தில் இரண்டும் ஒரே ஆளாக நிற்கக் கூடும்.

சங்கப் புலவர்கள் கொல்லும் விலங்கை வெறுத்தவர் அல்லர் என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். புறநானூற்று 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன் இரண்டு விலங்குகளை எதிரெதிரே நிறுத்துகிறான். ஒன்று, பிறர் விளைத்த கதிரைத் திருடி வளையில் சேர்க்கும் எலி. மற்றொன்று, தான் அடித்த பன்றி இடப்பக்கம் வீழ்ந்ததற்காக அன்று உண்ணாதிருந்து, மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்தி உண்ணும் புலி. நட்புக்கு உரியது எது என்று அவன் கேட்கும்போது விடை எளிது. கொலை அங்கே இழிவாகவில்லை; நெறியற்ற சேமிப்பே இழிவு. இரை, இரைகொள்வது என்னும் உறவை நன்மை, தீமை என்று இரு கூறாக வெட்டிவிடும் பழக்கம் பின்னால் வந்தது.

பின்னாளில் வந்த செப்புத் திருமேனிகளைக் காண்போம். பல்லவர் இறுதிக் காலத்திலும் சோழர் காலத்திலும் சந்திரசேகரர் முதலிய படிமங்களில் பின் வலக்கை மழுவையும் பின் இடக்கை மானையும் ஏந்தும். கைகள் இடம் மாறிவிட்டன; ஆடு மானாகிவிட்டது; அதைவிடப் பெரிய மாற்றம், விலங்கு தலை நிமிர்ந்துவிட்டது. அது தொங்கவில்லை. இரு விரல் நுனிகளின்மேல் பின்னங்கால்களை ஊன்றி எழுகிறது. சிலவற்றில் இறைவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது; சிலவற்றில் வெளியே பார்க்கிறது. பிடி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அந்த விரல்கள் மூடினால் மான் நசுங்கும், மூடவில்லை. பிட்சாடனர் படிமங்கள் பலவற்றில் மான் கையையும் விட்டிறங்கித் தரையில் நின்று, தாவி எழுந்து, தாழ்ந்த வலக்கையின் விரல்களை முகர்கிறது. தாருகாவனத்துக்குள் நுழையும் கோலமே பிட்சாடனம் என்பதை நினைத்தால் ஒரு வேடிக்கை புலப்படும்: கதைப்படி இனிமேல்தான் ஏவப்படவேண்டிய மான், முன்கூட்டியே வந்து கையை முகர்ந்துகொண்டிருக்கிறது! சிற்பிகள் கதைக்கு அடிமைகள் அல்லர். குடிமல்லத்தில் தொங்கிய இரையை உயிர்ப்பித்து எழுப்பவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அதற்குக் கதை இடம் தந்ததா இல்லையா என்று அவர்கள் நின்று கேட்கவில்லை.

இத்தகைய மாற்றம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டு ஏதென்சு நகரின் மேட்டுக்கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 560ஐச் சேர்ந்த கற்சிலை ஒன்றில், ஓர் ஆடவன் கன்றைத் தோளில் சுமந்து வருகிறான். கன்று பலிக்குரியது. ஆட்டுக்கடாவைத் தோளில் சுமந்து நகரைச் சுற்றி வந்து கொள்ளைநோயை நீக்கியதாக எர்மிசு என்னும் தெய்வத்தைப் பற்றியும் கிரேக்கர் கதை சொன்னார்கள். பின்னர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் கிறித்துவர்கள் வரைந்த நல்லாயன் அதே தோள்களில் அதே விலங்கைச் சுமக்கிறான்; ஆனால் இப்போது அது வழிதவறி மீட்கப்பட்ட ஆடு. உடல் நிலை மாறவில்லை. பலிக்குச் சென்ற விலங்கு வீட்டுக்குத் திரும்புகிறது. இரு நாடுகளுக்கும் இடையே கடன் வாங்கல் நிகழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. கலைஞன் ஒரு பழைய தோற்றத்தை அழிக்காமல் அதன் பொருளை மட்டும் மாற்றுகிறான் என்பதற்கு இவை இரண்டு எடுத்துக்காட்டுகள்.

குடிமல்லத்துக்கும் சோழர் செம்புக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டுகள் உள்ளன. படிப்படியாக ஏறிவர இடைப்பட்ட படிமங்கள் கிடைக்கவில்லை. ஆதலால் ஆடு மானாயிற்று என்று எப்படிச் சொல்லலாம் என்று ஆராய்ச்சியாளர் தடை எழுப்பலாம். தடை நேரியது. இதனின்று அது பிறந்தது என்று வழிமுறை காட்டுவது என் நோக்கமன்று. இரண்டு கைகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று இறுகப் பிடித்திருக்கிறது, ஒன்று விரிந்திருக்கிறது. இரண்டிலும் மழு உடனிருக்கிறது. இது போதும். மழுவை எடுத்துவிட்டு மானை மட்டும் வைத்திருந்தால், சோழர் படிமம் குழந்தைகள் படப்புத்தகத்துக்கு ஏற்ற இனிமையாகக் குறுகியிருக்கும். கொல்லக்கூடியவன் கொல்லாதிருக்கிறான் என்பது அங்கே சொல்லப்படவேண்டும். அதனால் கருவி கீழே வைக்கப்படவில்லை.

கொல்வதும் இரையும் உடன்பட்டு வாழ்கின்றன என்று காட்டுவது கலையில் எளிது. அதை நம்பும்படி காட்டுவது அரிது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அருச்சுனன் தவமோ, பகீரதன் தவமோ, அந்த வழக்கு இங்கு வேண்டாம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் அப்பாறையில் சிங்கமும் மானும் ஒரே மலைச்சாரலில் அஞ்சாமல் வாழும் தவவனத்தை வகுத்தார்கள். அதன் கீழ்ப்பகுதியில், பேருருவ யானைகளின் அருகே, ஒரு பூனையை நிறுத்தினார்கள். அது பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறது. எலிகள் சூழ நிற்கின்றன. மேலே தவம் செய்யும் முனிவனின் கோலத்தையே அது நடிக்கிறது. தவசியாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்தில், தருமனைப் பழித்துத் துரியோதனன் சொல்லியனுப்பும் தூதில் வருகிறது. பகை தீர்ந்த காட்டை அத்துணை அழகாகச் செய்த கை, பகை தீர்ந்ததாக நடிப்பவனையும் அதே பாறையில் வைத்தது. சிலர் இதை நகைச்சுவைத் துணுக்கு என்று கடந்துவிடுவர். என் கருத்தில், அப்பூனை இல்லையேல் அந்தச் சிங்கத்தையும் மானையும் நாம் இவ்வளவு நம்பமாட்டோம். சிற்பிக்கு எல்லாம் தெரியும் என்பதற்கு அதுவே கையெழுத்து.

விசயநகர, நாயக்கர் காலத் தூண்களில் பாயும் யாளிகளையும், அவற்றின் காலடியில் சிக்கிய யானைகளையும் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உளியின் திறத்தில் அவை குறைந்தவை அல்ல. யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையைத் தொட்டுப் பார்க்காத சிறுவன் யார்? ஆனால் ஒரே கொலை நூறு தூண்களில் வரிசையாக நடக்கும்போது அது அணிவேலை ஆகிவிடுகிறது. அந்த யானைக்காக எவரும் இரங்குவதில்லை; அந்த யாளிக்கு எவரும் அஞ்சுவதில்லை.

பொன்முகலிக்கே மீள்வோம். குடிமல்லத்தை ஒட்டி வரும் அதே ஆறு கீழே காளத்தியை அடைகிறது. அங்கே சிலந்தியும் பாம்பும் யானையும் வழிபட்டன என்பது தலவரலாறு; ஊரின் பெயரே அம்மூன்றையும் சேர்த்துக் கட்டியது என்பர். பாம்பு மணிகளை வைத்து வழிபட, யானை அவற்றைத் தள்ளி நீரும் இலையும் இட, பூசலில் இரண்டும் மடிந்தன. தெலுங்கில் தூர்ச்சடி பாடிய காளத்தி மான்மியம் இக்கதைகளையும் திண்ணன் கதையையும் சேர்த்தே சொல்கிறது. பாம்புக்கும் யானைக்கும் இடையே இரைப்பகை இல்லை, பக்திப்பகைதான். ஆகவே நம் பொருளுக்கு அது சற்றே வெளியில் நிற்கிறது. திண்ணன் கதை அப்படியன்று.

சேக்கிழார் பாடிய கண்ணப்ப நாயனார் புராணத்தைப் பக்தியின் உச்சம் என்று எல்லாரும் போற்றுகிறோம். வேட்டையைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டவற்றுள் மிகச் சிறந்தது அது என்பதைச் சொல்ல ஏனோ மறந்துவிடுகிறோம். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனாரின் முதல் வேட்டையைச் சேக்கிழார் அவசரமின்றி விரிக்கிறார். வலைகள் கட்டப்படுகின்றன, நாய்கள் விடப்படுகின்றன, காடு கலங்குகிறது. வலையை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றியொன்றைத் திண்ணனாரும் நாணனும் காடனும் மட்டும் தொடர்ந்து செல்கின்றனர். திண்ணனார் அதை உடைவாளால் இரு துண்டாக்குகிறார். இந்தப் பன்றிதான் அவரைக் காளத்தி மலையடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதன் ஊனே தீயில் வெந்து, அவர் நாவால் பதம் பார்க்கப்பட்டு, தேக்கிலையில் இறைவனுக்கு அமுதாயிற்று. மேலாற்றங்கரையில் இறைவன் கையில் தொங்கிய இரை, கீழாற்றங்கரையில் இறைவனுக்கு உணவாகிறது. சிவகோசரியாருக்கு அது பொறுக்கவில்லை. அந்த அந்தணரைச் சேக்கிழார் இகழவில்லை. அவர் கூச்சமும் ஓர் அன்பே என்பதைக் காட்டுகிறார். நமக்குள்ளும் ஒரு சிவகோசரியார் இருக்கிறார். குடிமல்லத்து ஆட்டைக் கண்டதும் தத்துவம் தேடி ஓடுபவர் அவரே.

ஆறாம் நாள் நிகழ்ந்ததைத்தான் நாம் கூர்ந்து படிக்கவேண்டும். இலிங்கத்தின் வலக்கண்ணில் குருதி வடிகிறது. திண்ணனார் மயங்கி வீழ்ந்து எழுகிறார். எழுந்ததும் அவர் செய்வது என்ன? மருந்து தேடவில்லை, அழுது நிற்கவில்லை. வில்லை எடுக்கிறார், அம்பைத் தெரிகிறார், இதைச் செய்தது வேடர்களோ விலங்குகளோ என்று மலைச்சாரலெங்கும் தேடுகிறார். வேடனின் கண்ணுக்கு அங்கே முதலில் தெரிவது அடிபட்ட ஓர் உயிர். அடித்தவன் அருகில் எங்கோ ஒளிந்திருக்கவேண்டும் என்பதே அவன் தொழிலறிவு. வாழ்நாளெல்லாம் எய்தவனாக இருந்து பழகியவன், எய்யப்பட்டதன் பக்கத்தில் இன்றுதான் முதன்முதலாக நிற்கிறான். பகைவர் எவரும் அகப்படவில்லை. அதன்பிறகே மூலிகை, அதுவும் பயன்படாதபோது, ஊனுக்கு ஊனே மருந்து என்னும் வேடர் கைமருத்துவம் நினைவுக்கு வருகிறது. அம்பை எடுக்கிறார்; இம்முறை அது திரும்பும் திசை வேறு. பன்றியையும் மானையும் நோக்கிச் சென்ற அம்பு எய்தவனின் கண்ணையே தோண்டுகிறது.

குடிமல்லத்தில் இறைவன் வேட்டுவன், விலங்கு இரை. காளத்தியில் இறைவன் அடிபட்டவன், வேட்டுவன் தானே இரையாகிறான். ஒரே ஆற்றின் கரையில் இரண்டு தோற்றங்களும் இருப்பதை இதுவரை நாம் சேர்த்துப் பார்க்காதது வியப்பு. குடிமல்லத்துக் கோயில் விக்கிரம சோழன் காலத்தில் புதுக்கப்பட்டது; சேக்கிழார் அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர்; தொண்டைநாட்டுக் குன்றத்தூரினர். குடிமல்லத்தை அவர் கண்டிருக்கக்கூடும் என்று எழுத ஆசை பிறக்கிறது. ஆசைக்குச் சான்று இல்லை; விட்டுவிடுவோம். சேக்கிழாருக்கு முன்பே நக்கீரர் பெயராலும் கல்லாடர் பெயராலும் திருக்கண்ணப்பதேவர் திருமறம் என்று இரு பாடல்கள் பதினோராந் திருமுறையில் அமைந்தமையால், வேடன் கதை அந்நிலத்தில் வேரோடியிருந்தது என்று மட்டும் துணியலாம்.

கதை அங்கே முடியவில்லை. இடக்கண்ணிலும் குருதி வந்தபோது, தன் மற்றக் கண்ணையும் இழந்தபின் இடம் தெரியவேண்டுமே என்று திண்ணனார் இறைவனின் கண்ணில் காலை ஊன்றிக்கொள்கிறார். கோயில்தோறும் சிற்பிகள் செதுக்கக் கண்ணப்பர் கதையில் தேர்ந்துகொண்டது இந்த ஒரு நொடியைத்தான். அம்பு கண்ணருகே இருக்கிறது. கால் இலிங்கத்தின்மேல் இருக்கிறது. சிற்பிகள் பலர் அக்காலில் செருப்பையும் மறக்காமல் காட்டினார்கள். அது வேடர் அணியும் தோற்செருப்பு. எந்தக் காட்டிலோ என்றோ வீழ்ந்த ஒரு விலங்கின் தோல், இறைவனின் கண்ணருகே பதிந்திருக்கிறது.